ஐந்து தகடும் ஒரு மெஷினும்

ஏசி ஹாலில் எனக்குக் கால்தான் முதலில் சில்லிடும். அன்றைக்குத் தலை சில்லிட்டது.

முன்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. திரையில் புனே பக்கத்து எங்கள் ஆகுர்டி சந்து. மழை தூறிக்கொண்டிருக்கிறது. ஒரு ஹாத்காடி, அதாவது தள்ளிக்கொண்டு போகிற கைவண்டி. வண்டியின் மேல் ஏதோ ஒரு கனமான சாமான், பூப்போட்ட பழைய பெட்ஷீட் போர்த்தி, கயிறு சுற்றி நிற்கிறது. நாலு ஆள் தள்ளுகிறார்கள். பின்னால் ஒரு குண்டுப் பெண்மணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று அந்தச் சாமானுக்குக் குடை பிடித்தபடி நடக்கிறாள்.

குண்டுப் பெண்மணி நான்தான். பெட்ஷீட்டும் என் வீட்டுடையதுதான்.

ஹால் முழுக்கக் கைதட்டல். திரைக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் என்னைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தாள். நான் பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்வது? எனக்கு மூன்று நாற்காலி தள்ளி தேஷ்பாண்டே உட்கார்ந்திருந்தார். எங்கள் சந்தில் இருக்கும் ஐந்து பட்டறைகளும் பிரஸ் மெஷினில் இரும்பை அழுத்தி, ஒரே மோட்டார் வண்டிக் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து பிழைக்கிறவை. அந்தக் கம்பெனியின் தர அதிகாரி அவர். அவர் மட்டும் கைதட்டவில்லை.

பெட்ஷீட்டுக்குள் இருந்தது என்ன, அது எதற்காக அந்தத் தூறலில் ஊர்வலம் போனது என்று சபையில் சொல்லிவிட்டால் ஐந்து பட்டறையின் ஷட்டரும் இறங்கிவிடும். அந்தப் பெண்ணோ அடுத்த படத்துக்கு விரலை வைத்துவிட்டாள்.

நம்மூர்க்காரர் வந்தார்

பட்டறை போட்ட கதையை இந்தத் தொடரில் மூன்று வாரமாக எழுதிவருகிறேன். "வெளிநாட்டு மாணவர்கள் எல்லாம் உங்களைத் தேடி வந்து பாடம் படித்தார்களாமே, அதை எழுதக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். யார் போய் அவரிடம் சொன்னார்களோ. கேட்டுவிட்டார், எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்மேல் இருக்கிற மரியாதை போய்விட்டால் அதற்கு அவர்தான் பொறுப்பு.

நாலைந்து வருஷம் இருக்கும். வருஷா வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் வரும் பக்தர்களின் பல்லக்கு ஊர்வலம் ஆகுர்டியில் தங்கிவிட்டுப் போக இன்னும் ஒரு மாதம் இருந்த நேரம். பேராசிரியர் ரகுராமன் என்று ஒருவர் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். ஐ.டி. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து, அது அலுத்துப்போய், கோந்த்வா பக்கம் ஒரு மேனேஜ்மென்ட் காலேஜில் வாத்தியாரானவர். இஸ்திரி கலையாத சட்டை. தரையில் கிடந்த இரும்புத் துகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"மேடம், நீங்க தமிழ்ங்களா? அடடே! நம்மாளு ஒருத்தங்க, அதுவும் லேடி, பிரஸ் ஷாப் நடத்தறீங்கன்னு கேள்விப்பட்டதும் ஓடி வந்துட்டேனுங்க."

"லேடின்னா பிரஸ்சு தானா ஓடுமா சார்? கரண்ட் பில்லு எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து பன்னிரண்டு மாணவர்கள் இரண்டு வாரம் புனேவுக்கு வருகிறார்கள். "வளர்ந்துவரும் பொருளாதாரத்துல தொழில் பண்றது எப்படின்னு படிக்க வர்றாங்க மேடம். புத்தகத்துல இருக்கறதெல்லாம் படிச்சுட்டாங்க. இல்லாததை நேர்ல பாக்கோணும்." கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, நாலு பேரை ஐந்து நாள் என் பட்டறையில் விட வேண்டும். கடைசியில் காலேஜில் விழா. அவர்கள் பார்த்ததைப் படம் போட்டு விளக்குவார்கள், அதற்கு மார்க்கும் உண்டு.

வளர்ந்துவரும் பொருளாதாரமாம்! என் அப்பா கட்கி ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது, குவார்ட்டர்ஸ் குழாயடியில் குடத்தோடு நான் நின்ற நாளிலேயே இந்த நாடு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்கு முட்டி தேய்ந்து, தைராய்டு வந்து, தலை நரைத்துவிட்டது. அது இன்னும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எந்த டாக்டரிடம் காட்டுவது?

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "விழாவுக்கு நீங்க சப்ளை பண்ற கம்பெனில இருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. முன் வரிசைலயே உக்காருவாங்க."

அந்த வருஷம்தான் கம்பெனி சின்னப் பட்டறைகளைக் கழித்துக் கட்டப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. யாரை வைப்பார்கள், யாரை அனுப்புவார்கள் என்று ஐந்து பேரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம். என் பட்டறையில் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்னைப் புகழ, கம்பெனிக்காரர்கள் அதைக் காதால் கேட்டால் நல்லதுதானே என்று கணக்குப் போட்டேன்.

"இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேண்டாத வேல?" என்றார் வீட்டுக்காரர். "கும்பலா வந்து எவனாவது பிரஸ்ஸுல கைய வுட்டா யாரு பதில் சொல்றது?"

"நீங்க கம்முனு இருங்க" என்றேன். முப்பது வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்காமல் போனவற்றை எழுத உட்கார்ந்தால் இந்தத் தொடர் முடியாது.

வியாழக்கிழமை ஞானம்

முதல் நாளே வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள்.

எங்கள் தொழிற்பேட்டைக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் வியாழன், அதனால் அதுதான் வார விடுமுறை. மெஷின் ஓடாது, ஆள் வராது, டீக்கடைகூடப் பாதிதான் திறந்திருக்கும். பிம்ப்ரி சிஞ்ச்வடில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். பேராசிரியருக்குத் தெரியவில்லை. காலேஜில் போட்ட சாமந்தி மாலையும் நெற்றிக் குங்குமமும் ஆரஞ்சுத் தலைப்பாகையுமாக நாலு பேரும், மூடிய ஷட்டர்கள் வரிசையாக இருந்த சந்தில் நின்றார்கள். கல்யாணத் தேதியை மாற்றிப் படித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தது.

நான் வீட்டிலிருந்து ஓடிப்போய்த் திறந்தேன். ஓடாத மெஷின்களைச் சுற்றி வந்து எழுதினார்கள், எழுதினார்கள், அப்படி எழுதினார்கள். "சந்தையில் தேவை குறைந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறீர்களா?" என்று ஒரு நெட்டைப் பையன் கேட்டான். லீவு என்றேன். "மதம் சார்ந்த நாளா?" என்றான். கரண்ட் சார்ந்த நாள் என்றேன். பேராசிரியர் அதை மொழிபெயர்க்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். மூன்று வார்த்தையில் என்ன தத்துவத்தைக் கண்டாரோ தெரியவில்லை.

மறுநாள் கேள்விகள் இன்னும் உசத்தி. ஐந்து வருஷத்துக்குப் பிறகு உங்கள் பட்டறை எங்கே இருக்கும்? இங்கேதான் இருக்கும், தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? தொழிலைவிட்டு வெளியேறத் திட்டம் வைத்திருக்கிறீர்களா? வைத்திருக்கிறேன், தினமும் சாயங்காலம் ஆறரைக்கு. உங்கள் ஊழியர்களை எப்படி ஊக்குவிக்கிறீர்கள்? திட்டுவேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். சிரிப்பே வரவில்லை அவர்களுக்கு. நெட்டையன் மூன்றாம் நாள் வடாபாவ் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடுதியோடு படுத்துவிட்டான். இன்னொருத்தி பட்டறைப் பூனையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரிந்தாள். நாலாவது ஆள் என்ன செய்தான் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. இதற்குப் படிப்பு என்று பெயர், இதற்கு விமானச் சீட்டு, இதற்கு மார்க்!

லீனா மட்டும் வேறு மாதிரி. திரைக்குப் பக்கத்தில் நின்றாள் என்று சொன்னேனே, அவள்தான். பேராசிரியர் இல்லாமல் தனியாக ரிக்‌ஷா பிடித்துக் காலையில் எட்டு மணிக்கே வந்துவிடுவாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷிலேயே பேசிக்கொள்வோம். ஏன் இந்தத் துண்டை இப்படித் திருப்புகிறீர்கள், ஏன் இந்த எண்ணெய் என்று கேட்பாள். பதில் சொன்னால் புரிந்துகொள்வாள். இருபத்தைந்து வருஷத்தில் நான் என்ன செய்கிறேன் என்று என்னை யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைகள்கூட. அதில்தான் நான் விழுந்தேன்.

வியாழக்கிழமைகளில் பிழைத்த மெஷின்

இப்போது பெட்ஷீட்டுக்குள் இருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்யும் கிளிப், பிராக்கெட் எல்லாம் சரியான அளவுக்குக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெஷின் உண்டு. ஹார்ட்னஸ் டெஸ்டர் என்பார்கள். சின்ன வைரமுனை ஒன்று இரும்பில் அழுந்தும், முள் நகர்ந்து எண் காட்டும். ஒவ்வொரு பட்டறையிலும் சொந்தமாக ஒன்று இருக்க வேண்டும் என்று ஒரு வருஷம் கம்பெனி சட்டம் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை தேஷ்பாண்டே ஒவ்வொரு பட்டறையாக வந்து ஆடிட் செய்வார். மெஷின் இல்லாவிட்டால் வேலை இல்லை.

ஐந்து பேராலும் ஐந்து மெஷின் வாங்க முடியாது. அப்போது வழி கண்டுபிடித்தவர் ஜாதவ்.

ஜாதவ் எனக்கு அடுத்த ஷெட். சாத்தாரா பக்கத்து ஆள். என்னைத் தாயி என்பார், மராத்தியில் அக்கா. நான் அவரைப் பாவு என்பேன், அதாவது தம்பி. இழுத்து மூடிய ஒரு ஃபேக்டரியின் பழைய இரும்போடு இரும்பாக ஒரு டெஸ்டர் கிடந்ததை அவர்தான் பார்த்தார். பறவை கூடு கட்டியிருந்ததாம் அதற்குள். ஐந்து பேருமாகச் சேர்ந்து வாங்கினோம். வாங்குகிற அன்றைக்கு ஜாதவின் ரிஜிஸ்ட்ரேஷன் காகிதம் புதுப்பிக்கப்போய் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் பில் என் பெயரில் போட்டார்கள். யார் பெயரில் போட்டால் என்ன என்று அவரேதான் சொன்னார்.

மூன்று மாதம். ஒவ்வொரு வியாழக்கிழமையும், ஊரே லீவில் கிடக்கும்போது, மனுஷன் ஷெட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அந்த மெஷினை அக்கு அக்காகக் கழற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, துடைத்து, மாட்டினார். அவர் சட்டையில் அந்த வருஷம் முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். கடைசி வியாழன் அன்று முள் நடுங்காமல் சரியான எண்ணில் போய் நின்றபோது, "தாயி, உசிரு வந்துடுச்சு!" என்று கத்தினார். ஐந்து வீட்டுக்கும் ஜிலேபி வந்தது.

பிறகு நடந்ததுதான் எங்கள் சந்தின் ரகசியம். ஐந்து பட்டறைக்கும் ஐந்து தகடு அடித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டறையின் பெயர், ஒரு நம்பர். யாருக்கு ஆடிட்டோ, அவர் ஷெட்டுக்கு மெஷின் ஹாத்காடியில் போகும். இரண்டு திருகைக் கழற்றிப் பழைய தகட்டை எடுத்துவிட்டு அவர் தகட்டை மாட்டினால் முடிந்தது. என் தகடு முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கும்.

மோசடிதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதிக்காமல் ஒரு துண்டு எங்கள் சந்தைவிட்டுப் போனதில்லை. மெஷின் எந்த ஷெட்டில் இருக்கிறதோ அங்கே காலையில் தட்டில் எடுத்துப்போய்ச் சோதிப்போம். இடம் மாறினால் முள் பிசகும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஜாதவ் வந்து மட்டம் பார்த்து நிறுத்தித் தருவார். அவர் சரி என்று சொல்லாமல் யாரும் தொட மாட்டோம்.

தூறல் நாள்

நாலாம் நாள், ஐந்து பேரில் ஒருவரான பவாரின் பட்டறைக்கு ஆடிட் என்று திடீரென்று தகவல் வந்தது. மாணவர்களை வர வேண்டாம் என்று பேராசிரியருக்குச் சொல்லிவிட்டேன். அவர் ஹாஸ்டலில் சொன்னார். லீனா அதற்குள் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள்.

நாங்கள் மெஷினை வண்டியில் ஏற்றும்போது வந்து நின்றாள். ஏன், எங்கே என்று கேட்கக்கூட இல்லை, பையைக் கீழே போட்டுவிட்டுத் தோள் கொடுத்துத் தள்ளினாள், நடுவில் முன்னால் ஓடிப்போய் ஒரு படமும் எடுத்தாள். ஜாதவுக்கு ஏக சந்தோஷம். "தாயி, இந்தப் பொண்ணுக்கு நம்ம சந்துல ஒரு ஷெட்டு குடுத்துடலாம்" என்றார்.

பவார் ஷெட்டில் ஜாதவ் மட்டம் பார்த்தார், தகடு மாற்றினார். லீனா பார்த்துக்கொண்டே இருந்தாள். இது எப்படி என்று கேட்டாள். நான் சொன்னேன். பறவைக் கூட்டிலிருந்து ஐந்து தகடு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. அவள் கண்ணெல்லாம் மின்ன, "அற்புதம், அற்புதம்" என்று, ஆடிட் முடிந்ததும் ஐந்து தகட்டையும் வாங்கி வரிசையாக வைத்துப் படம் எடுத்தாள்.

இதை எழுதாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதையெல்லாம் வாய்விட்டு ஒருத்தருக்குச் சொல்ல வேண்டுமா? எங்கள் சந்தில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இரண்டு வாரம் தொழில் படிக்க வந்தவளுக்கு அந்த முதல் பாடம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபடியும் அந்த ஹால்

அடுத்த படம் வந்தது. ஐந்து தகடும் வரிசையாக. ஐந்து பெயரும் ஐந்து நம்பரும், கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குத் தெளிவாக.

லீனா குரல் தழுதழுக்கப் பேசினாள். எங்கள் நாட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மெஷின் வாங்குகிறோம், தனித்தனியாகத் தோற்றுப்போகிறோம். இவர்கள் ஒன்றைப் பகிர்ந்து ஐந்து பேரும் வாழ்கிறார்கள். ஆடிட் நாளில் தகட்டை மாற்றிக்கொள்வது எவ்வளவு புத்திசாலித்தனம்! இப்படிச் சொல்லிவிட்டு எனக்கும், நாலு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த ஜாதவுக்கும் சேர்த்துக் கைதட்டச் சொன்னாள்.

எல்லாரும் எழுந்து தட்டினார்கள். பேராசிரியர்தான் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார். அவள் என்ன பேசிவிட்டாள் என்று யோசித்துப் பார்க்கிற ஆளா இவர்? மார்க் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டாராம். ஜாதவ் கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. தன் மெஷின் திரையில் வந்த சந்தோஷத்தில் எழுந்து நின்று சுற்றிலும் கும்பிட்டார்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தித் தேங்காய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு இறங்கினேன். தேஷ்பாண்டே நாற்காலி காலியாக இருந்தது.

மாடிப்படியில்

அவர் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தேங்காயோடு போய் நின்றேன்.

"மேடம், ஆறு வருஷமா அஞ்சு ஷெட்டுலயும் இடது பக்கம் ஒரே இடத்துல பச்சை பெயிண்ட் உரிஞ்ச மெஷினப் பாக்கறேன். நான் குருடனா?" என்று மராத்தியில் கேட்டார். "சந்து முனையில நான் ஏன் ரெண்டு டீ குடிக்கறேன்னு நெனச்சீங்க? நீங்க வண்டிய உருட்டி முடிக்கட்டும்னுதான்."

தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். அந்த மனுஷனைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது.

"உங்க துண்டு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அதனால நானும் கண்ண மூடிக்கிட்டேன். இப்ப இருநூறு பேரு முன்னால படம் போட்டுட்டாங்க. எங்க பர்ச்சேஸ் பெரியவர் என் பக்கத்துல உக்காந்து பாத்துட்டாரு. இன்னிக்கு சாயங்காலம் நான் எழுதிக் குடுத்தாகணும்."

கீழே டீயும் சமோசாவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாதவ் கையில் தட்டை வைத்துக்கொண்டு லீனாவோடு செல்ஃபி எடுக்கக் காத்திருந்தது படியிலிருந்து தெரிந்தது.

"மெஷின் பில்லு யாரு பேர்ல இருக்கு?" என்றார் தேஷ்பாண்டே.

"என் பேர்ல."

"அப்ப மெஷின் உங்களோடது. மத்தவங்க உங்களுக்குத் தெரியாம தகடு அடிச்சுக்கிட்டாங்க. அப்படித்தானே? அப்படின்னா உங்க ஒருத்தர் பட்டறை மேல குத்தம் இல்ல. எல்லாருதும்னு சொன்னீங்கன்னா அஞ்சு பேரும் போயிடுவீங்க. எனக்கு ஒரு பதில் சொல்லுங்க."

எனக்கு யோசிக்க நேரம் இல்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். நேரம் இருந்தது. கீழே ஜாதவ் செல்ஃபி எடுத்து, அதை லீனாவுக்குக் காட்டி, மறுபடி ஒன்று எடுக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. என் பதினான்கு பேரை நினைத்தேன். பையனின் காலேஜை நினைத்தேன். ஜாதவிடம் எட்டு பேர் வேலை செய்ததையும் நினைத்தேன். நினைக்காமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

"ஆமா சாஹேப். என்னோடதுதான்" என்றேன்.

கீழே இறங்கியதும் ஜாதவ் ஓடி வந்தார். "சாஹேப் என்ன சொன்னாரு தாயி? குஷிதானே?"

"ஒண்ணும் இல்ல பாவு. சமோசா சாப்பிட்டீங்களா?"

வளர்ச்சி

அடுத்த வாரம் மற்ற நாலு பட்டறைக்கும் இனி வேலை கிடையாது என்று கடிதம் வந்தது. கம்பெனிக்குப் போய்ச் சண்டை போடுவதாகப் பவார் குதித்தார். நான்தான் தடுத்தேன், நிலைமை ஆறட்டும் என்று. போயிருந்தால் நான் சொன்னது அவர் காதுக்கு வந்திருக்கும்.

ஜாதவ் குதிக்கவில்லை. கடிதத்தை மகளை விட்டுப் படிக்கச் சொன்னார். 'கஸ்தூரி அவர்களுக்குச் சொந்தமான மெஷின்' என்று என் பெயரைப் போட்டு அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னாராம். அவர் மனைவிதான் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள், குறையாக இல்லை, சும்மா பேச்சுவாக்கில். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

"ஜாதவ்கிட்ட சொன்னியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லை என்றேன். அவர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஐந்து பட்டறை செய்த வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு ஷெட் போதவில்லை. மற்ற நாலு ஷெட்டையும் நானே வாடகைக்கு எடுத்தேன். பவார் ஊருக்குப் போய்விட்டார். மற்றவர்கள் என்னிடமே வேலைக்கு வந்தார்கள். அதே சுவர், அதே பிரஸ், அதே ஆட்கள். ஜாதவுக்குத் தரப் பொறுப்பு கொடுத்தேன், மாதச் சம்பளம். மெஷினுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். காலையில் வந்ததும் "குட் மார்னிங் மேடம்" என்பார்.

லீனாவிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நல்ல மார்க்காம். வேலையும் கிடைத்துவிட்டதாம், ஏழை நாடுகளின் சின்னத் தொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. உங்கள் சந்தை மறக்கவே மாட்டேன் என்று எழுதியிருந்தாள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். அவளைத் திட்டித் திட்டித்தான் இந்த நாலைந்து வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். அவளும் இல்லாவிட்டால் நான் யாரைத் திட்டுவது?

போன மாதம் பேராசிரியர் மறுபடியும் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை வந்தார், அந்த மட்டுக்கும் தேறிவிட்டார். ஒரே ஷெட்டில் ஆரம்பித்து ஐந்து ஷெட்டாக ஒரு பெண் எப்படி வளர்ந்தாள் என்பது இப்போது அவருடைய பாடம். அதே தலைப்பாகை, அதே நோட்டுப் புத்தகம். வேறு வேறு முகத்தில் அதே கேள்விகள். கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி, ஜாதவ் பக்கத்தில் போய் நின்று அந்தப் பழைய மெஷினைத் தடவிப் பார்த்தான். இதை யார் சரிசெய்தது, இது யாருடையது என்று கேட்டான். பேராசிரியர் ஹிந்தியில் மாற்றிக் கேட்டார்.

ஜாதவ் கையில் இருந்த துண்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"மேடமோட மெஷின்" என்றார். "மொதல்லேர்ந்தே மேடமோடதுதான்."

பையன் எழுதிக்கொண்டான். நான் நாலு அடி தள்ளித்தான் நின்றேன். இல்லை தம்பி, இவர் மூன்று மாதம் வியாழக்கிழமை வியாழக்கிழமையாக உட்கார்ந்து உயிர் கொடுத்த மெஷின் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. டீ வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அதை இங்கே சொல்லிவிட்டேன். ஜாதவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.